ஒரு கிராம் கரியில் பத்து கிரவுண்டு!

தாம்பரம், வண்டலூர் என்று தாண்டித் தாண்டி செங்கல்பட்டே வந்தாலும், சம்பளக்காரனால் ஒரு கிரவுண்டு வளைத்துப் போட முடியவில்லை. கனடாவில் ஒரு மனிதர் ஒரே ஒரு கிராம் கரிக்குள் பத்து கிரவுண்டு பிடித்துவிட்டார். பத்திரச் செலவு, புரோக்கர் கமிஷன் எதுவும் கிடையாது!

பெயர் டேவிட் மிட்லின். அல்பெர்ட்டா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது அவரும் குழுவினரும் கையிலெடுத்தது ஹெம்ப் செடியின் பட்டை நார். ஹெம்ப் என்றால்... ஹி ஹி, கஞ்சாவுக்கு ஒண்ணுவிட்ட தம்பி. பதறாதீர்கள், போதைச் சரக்கு அதில் பேருக்குத்தான் இருக்கும். எவ்வளவு இழுத்தாலும் தலைவலிதான் மிச்சம். கனடாவில் 1998-லிருந்து சட்டப்படியே பயிரிடுகிறார்கள். விதைக்கும் எண்ணெய்க்கும் கிராக்கி. பட்டை நாரைச் சீந்த ஆளில்லை.

அந்த நாரை மூடிய பாத்திரத்தில் தண்ணீரோடு 180 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வேக வைத்தார்கள். நம்ம வீட்டு பிரஷர் குக்கருக்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, காற்றுப் படாமல் 700, 800 டிகிரியில் வாட்டினார்கள். செடி அடுக்கடுக்காகக் கட்டி வைத்திருந்த நார் அப்படியே பிரிந்து, தலைமுடியின் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத கரித்தாள்களாக நின்றது. தாள் முழுக்கப் பொடி ஓட்டைகள். அத்தனை ஓட்டைகளின் சுவர்களையும் விரித்துப் போட்டால் கிராமுக்கு 2,287 சதுர மீட்டர் வரை. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி. கால்குலேட்டர் எடுத்துப் பாருங்கள், பத்து கிரவுண்டுக்கு மேலேயே வரும்!

'சரி சார், கரிக்கு எதுக்கு இவ்வளவு இடம்?'

பேட்டரி என்பது பாங்கு டெபாசிட் மாதிரி. நிறையப் போடலாம், ஆனால் போடவும் எடுக்கவும் ஃபாரம், க்யூ, 'மேனேஜர் சாப்பிடப் போயிருக்கார்'. உள்ளே ரசாயன மாற்றம் நடந்தாகணும். சூப்பர் கெபாசிட்டர் சட்டைப்பை மாதிரி. மின்னூட்டம் கொண்ட அயனிகள் கரியின் சுவரில் வந்து ஒட்டிக்கொள்ளும், வேண்டுமென்றால் உடனே விலகும். சில விநாடிகளில் சார்ஜ் முடிந்துவிடும். ஒட்ட சுவர் வேண்டுமே, அதற்குத்தான் கிரவுண்டு. 2006-ல் ஷாங்காயில் இதை வைத்து பஸ் ஓட்ட ஆரம்பித்தார்கள். ஸ்டாப்பில் ஜனங்கள் ஏறி இறங்குகிற நேரத்தில் பஸ்ஸும் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். (நம்ம ஊர் பஸ் ஸ்டாப்பில் நிற்கவே நிற்காது, அது வேறு விஷயம்.)

மிட்லின் குழுவின் கட்டுரை 2013-ல் வந்தது. உடனே 'கஞ்சாச் செடியில் பேட்டரி!' என்று உலகமே குதித்தது. குதித்தவர்கள் ஒன்றைக் கவனிக்கவில்லை. சோதனைச்சாலையில் நாணயம் அளவுக்கு ஒரு சாதனம் செய்வது வேறு, டன் கணக்கில் செய்வது வேறு. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கையை அரிக்கும், உலையையும் அரிக்கும். கரியில் தங்கியதைக் கழுவி எடுக்கணும். கழுவின தண்ணீரை எங்கே கொட்டுவது? குப்பையைப் பொன்னாக்கிவிட்டோம் என்று காலரைத் தூக்குவதற்கு முன் இதற்குப் பதில் வேண்டாமா? போதாததற்கு, ஒரு வயல் நார் மாதிரி அடுத்த வயல் நார் இருக்காது. தொழிற்சாலைக்காரன் கேட்பதோ, 'போன மாசம் கொடுத்த மாதிரியே கொடு' என்று!

இத்தனையும் தாண்டி மார்க்கெட்டுக்கே வந்துவிட்ட ஒரு தாவரக் கழிவு உண்டு. நார் அல்ல, ஓடு. நம்ம கொட்டாங்குச்சி! (கோயமுத்தூர்க்காரர்களுக்குத் தொட்டி, நாகர்கோவில்காரர்களுக்குச் சிரட்டை.) கெட்டியான ஓடு, சாம்பல் குறைவு, சுட்டால் பொடி ஓட்டைகள் தானாகவே அமையும். ஓட்டையைப் பெருக்க நீராவியே போதும். வாட்டர் ஃபில்டருக்குள் இருக்கிற கரியும் இந்த ஜாதிதான். ஜப்பானின் குராரே நிறுவனம் கொட்டாங்குச்சியிலிருந்தே கெபாசிட்டருக்கென்று தனிக் கரி செய்து விற்கிறது. காங்கேயம் பக்கம் சுடுகிற கரிக்கு அடுப்பையும் ஃபில்டரையும் தாண்டி இப்படியும் ஒரு வழி இருக்கிறது. விலை வித்தியாசம் முழுக்க அந்த ஓட்டையில்தான். சுடுகிறவருக்குக் கிடைப்பது கரி விலை, ஓட்டை போடுகிறவருக்குக் கிடைப்பது கெபாசிட்டர் விலை.

'அப்ப என் செல்போனுக்கு எப்ப வரும்?'

மிட்லின் சாதனம் கிலோவுக்கு 12 வாட்-மணி தாங்கியது. கெபாசிட்டர் உலகில் அது பெரிய சங்கதி. ஆனால் லித்தியம் பேட்டரி 150-க்கு மேல் தாங்கும். உங்கள் போனுக்கு வேண்டியது சுமார் 15. ஆக, சட்டைப்பையில் ஒண்ணேகால் கிலோ நார்க்கரியைச் சுமக்கத் தயாரென்றால் சொல்லுங்கள். தையற்காரரிடம் பையை மட்டும் இரட்டைத் தையலாகப் போடச் சொல்லிவிடலாம்!