நாதஸ்வரம் செய்வது யார் தெரியுமா? துளையில் ஒளிந்திருக்கும் வித்தை!

தர்மபுரி கோட்டைக் கோயில் திருவிழாவாகட்டும், பென்னாகரம் பக்கத்துக் கல்யாணமாகட்டும், நாதஸ்வரச் சத்தம் கேட்டால்தான் விசேஷம் களைகட்டும். வாசிக்கும் வித்வானின் பெயரை நாம் விசாரிப்போம். அவர் கையில் இருக்கும் குழலைச் செய்த ஆசாரியின் பெயரை யாரும் கேட்பதில்லை.

அந்த ஆசாரிகளின் ஊர் நரசிங்கம்பேட்டை. தஞ்சாவூர் மாவட்டத்தில், ஆடுதுறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே செய்யப்படும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு சில குடும்பங்கள்தான் இன்றும் இந்தத் தொழிலில் இருக்கின்றன.

மரம் தெரிய வேண்டும்

நாதஸ்வரத்தின் உடல் ஆச்சா மரத்தில் ஆனது. நம் தர்மபுரி மாவட்டத்துக் காவிரிக் கரைக் காடுகளிலும் இந்த மரம் உண்டு. இந்தியாவின் மிகக் கனமான, உறுதியான மரங்களில் ஒன்று. ஆனால், புதிதாக வெட்டிய மரம் இதற்கு ஆகாது. ஈரம் காயக் காய மரம் சுருங்கும், வெடிக்கும். துளை கொஞ்சம் கோணினாலும் சுருதி போய்விடும். அதனால்தான் பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் தூண், உத்தரங்களைத் தேடி வாங்குகிறார்கள். பல தலைமுறை காய்ந்த மரம் இனி அசையாது.

துளை சொல்லும் கைத்திறன்

வெளிப்பக்கத்தைக் கடைந்து வழவழப்பாக்குவதைப் பழகியவர்கள் செய்துவிடலாம். கஷ்டம் உள்ளே இருக்கிறது. மேலே குறுகி, கீழே போகப் போக அகலும் துளையை நேராக இறக்க வேண்டும். பிறகு விரல் வைக்க 7 துளைகள், அடிப்பக்கம் 5 துளைகள். அடியில் உள்ளவற்றை மெழுகால் அடைத்து நாதத்தைச் சரிசெய்வார்கள். இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்ட முடியாது. ஒரு நூல் அதிகமாகப் போனால், நூறு வருஷத்து மரம் வீண்.

புகை பிடிக்கும் பைப் செய்வதிலும் இதே கதைதான். பிரான்ஸின் செயின்ட் க்ளாட் ஊர் அதற்குப் பேர் போனது. 'பிரையர்' என்ற செடியின் வேர்முண்டை வேகவைத்துப் பக்குவமாகக் காயவைத்துத்தான் உளியைத் தொடுவார்கள். புகைத் துளை, கிண்ணத்தின் அடியில் சரியாகப் போய்ச் சேர வேண்டும். அது தவறினால் மேல் பளபளப்பால் பயனில்லை. புகையிலை உடம்புக்குக் கேடு என்பது வேறு விஷயம். கைத்தொழிலின் அளவுகோல் இரண்டுக்கும் ஒன்றே.

காதும் வேண்டும்

அந்தக் காலத்துத் 'திமிரி' நாதஸ்வரம் குட்டையானது, சுருதி உச்சத்தில் இருக்கும். அதில் சுத்த மத்யமம் சரியாகப் பேசாது. இந்தக் குறையைத் தீர்க்க நாதஸ்வரச் சக்கரவர்த்தி டி.என்.ராஜரத்தினம் பிள்ளையும், நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்து உழைத்தார்கள். வாசித்துப் பார்த்து அவர் குறை சொல்ல, இவர் மரத்தில் திருத்தினார். அப்படி உருவானதுதான் இன்று கச்சேரிகளில் ஒலிக்கும் நீளமான 'பாரி' நாதஸ்வரம். வித்வானின் காதில் கேட்டதைத் தன் கையில் கொண்டுவந்தாரே, அவர்தான் கைதேர்ந்த ஆசாரி!

நாம் என்ன செய்யலாம்?

இந்த வேலை புத்தகம் படித்து வராது. வருஷக்கணக்கில் பட்டறையில் உட்கார்ந்து பழக வேண்டும். அந்தப் பொறுமைக்கு ஏற்ற வருமானம் இல்லாவிட்டால் அடுத்த தலைமுறை எப்படி வரும்? இன்னொரு பக்கம், கான்கிரீட் வீடுகள் பெருகப் பெருகப் பழைய மரமும் அரிதாகிறது.

உங்கள் ஊரில் தாத்தா காலத்து வீட்டை இடிக்கிறீர்களா? தூணையும் உத்தரத்தையும் விறகுக்குப் போடுவதற்கு முன், அது ஆச்சா மரமா என்று தச்சரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அடுத்த முறை மேளச் சத்தம் கேட்டால், "இந்தக் குழலைச் செய்தது யாருங்க?" என்று வித்வானிடமும் கேளுங்கள். அவர் சந்தோஷமாகச் சொல்வார்!