சிவப்பைக் காணாத வெள்ளித் தகடு

வேலை நிமித்தமாக வெளிநாடு செல்பவர்கள் ஓய்வு நேரத்தில் கேமராவுடன் ஊரைச் சுற்றுவது இன்று வழக்கம். சிலர் கைப்பேசியை விட்டுவிட்டு, பழைய படச்சுருள் கேமராவைத் தேடி எடுத்துச் செல்கிறார்கள். சிங்கப்பூரில் இந்தப் பழக்கத்துக்கு வயது ஏறக்குறைய 180 ஆண்டுகள் என்றால் நம்புவீர்களா?

1844ஆம் ஆண்டு ஜூலை மாதம். சீனாவுடன் வணிக ஒப்பந்தம் செய்துகொள்ளப் புறப்பட்ட பிரெஞ்சுத் தூதுக்குழு வழியில் சிங்கப்பூருக்கு வந்தது. அதில் ஜூல் இட்டியே என்பவரும் இருந்தார். அவர் பிரெஞ்சுச் சுங்கத் துறையின் அதிகாரி. ஆசியாவில் வணிகம் எப்படி நடக்கிறது என்று ஆராய்வதுதான் அவருக்குத் தரப்பட்ட வேலை. படம் எடுப்பது அவருடைய பொழுதுபோக்கு. பயணத்தில் தம்முடன் ஒரு மரப்பெட்டிக் கேமரா, வெள்ளி பூசிய செப்புத் தகடுகள், இரசாயனங்கள் ஆகியவற்றையும் கொண்டு வந்திருந்தார்.

இன்று ஃபோர்ட் கேனிங் என்று அழைக்கப்படும் குன்றிலிருந்து, சிங்கப்பூர் ஆற்றையும் போட் கீ கரையையும் அவர் படம் பிடித்தார். சிங்கப்பூரைக் காட்டும், இன்றுவரை எஞ்சியிருக்கும் மிகப் பழைய புகைப்படங்களில் அதுவும் ஒன்று. சிங்கப்பூர் தேசிய அரும்பொருளகத்தின் சேகரிப்பில் அது உள்ளது.

முன்ஷி அப்துல்லா கண்ட அதிசயம்

இட்டியே வருவதற்கு முன்பே இந்தக் கலை சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. அதைப் பதிவு செய்தவர் மலாய் எழுத்தாளர் முன்ஷி அப்துல்லா. அவருடைய முன்னோர் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து குடியேறியவர்கள். அப்துல்லா சிறுவயதில் தமிழும் கற்றவர். அமெரிக்கக் கப்பல் ஒன்றில் வந்த மருத்துவர், தகட்டில் பதிந்த சிங்கப்பூர் நகரத்தின் படத்தைக் காட்டியதாகத் தம் வரலாற்று நூலான ‘ஹிக்காயத் அப்துல்லா’வில் அவர் எழுதியிருக்கிறார். கையால் வரையாமல், சூரிய ஒளியே வரைந்த படம் அது. அப்துல்லா வியப்பில் ஆழ்ந்தார்.

அப்துல்லா பார்த்த தகடு இன்று நம்மிடம் இல்லை. அவர் எழுதிய சொற்கள் மட்டுமே உள்ளன. அந்தக் காலத்துத் தகட்டுப் படத்துக்கு நகல் கிடையாது. ஒரு தகடு, ஒரே படம். அது தொலைந்தால் எல்லாம் தொலைந்தது. இட்டியேயின் தகடுகள் பிழைத்ததால்தான் 1844ஆம் ஆண்டின் ஆற்றங்கரை நமக்குத் தெரிகிறது.

தகட்டில் படம் எப்படி வந்தது?

இந்த முறைக்கு ‘டாகரோடைப்’ என்று பெயர். பிரான்சைச் சேர்ந்த லூயி டாகர் உருவாக்கிய இம்முறையின் விவரங்கள் 1839 ஆகஸ்ட் 19 அன்று பாரிசில் வெளியிடப்பட்டன. ஐந்தே ஆண்டுகளில் அது சிங்கப்பூர்க் குன்றின்மேல் நின்றது.

முதலில் தகட்டின் வெள்ளிப் பூச்சைக் கண்ணாடிபோல் பளபளக்கத் தேய்க்க வேண்டும். பிறகு அயோடின் ஆவியில் காட்டினால், மேற்பரப்பில் வெள்ளி அயோடைடு என்ற மெல்லிய படலம் உண்டாகும். இதுதான் ஒளியை உணரும் பொருள். தகட்டைக் கேமராவில் வைத்து மூடியைத் திறந்ததும் ஒளி வேலை செய்யத் தொடங்கும். ஆனாலும் கண்ணுக்கு எதுவும் தெரியாது. அந்த நிலையில் இருப்பதை ‘மறைபிம்பம்’ என்பார்கள்.

அடுத்து, சூடாக்கிய பாதரசத்தின் ஆவியில் தகட்டைக் காட்ட வேண்டும். ஒளி பட்ட இடங்களில் மட்டும் பாதரசமும் வெள்ளியும் சேர்ந்து வெண்ணிறத் துகள்களாகப் படியும். படம் தோன்றும். கடைசியாகச் சோடியம் தயோசல்பேட்டுக் கரைசலில் கழுவினால், எஞ்சிய வெள்ளி அயோடைடு நீங்கிப் படம் நிலைத்துவிடும். பாதரச ஆவி நரம்புகளைப் பாதிக்கும் நச்சு. அன்று படம் எடுத்தவர்கள் அதைச் சுவாசித்தபடியே வேலை செய்தார்கள்.

தகட்டில் படம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியே பதியும். வலக்கரை இடக்கரையாகிவிடும்! ஒளியைப் பதிய வைக்கப் பல நொடிகளோ நிமிடங்களோ தேவைப்பட்டதால், அசையும் படகுகளும் நடமாடும் மனிதர்களும் மங்கிப் போவார்கள், அல்லது மறைந்தே போவார்கள்.

செங்குன்றின் நிறம் கறுப்பா?

இப்போது புக்கிட் மேராவுக்கு வருவோம். மலாய் மொழியில் ‘புக்கிட்’ என்றால் குன்று, ‘மேரா’ என்றால் சிவப்பு. வாள்மீன்களின் தாக்குதலிலிருந்து ஊரைக் காக்க, வாழைத்தண்டுகளால் அரண் கட்டும் யோசனையைச் சொன்னான் ஒரு சிறுவன். அவன் அறிவைக் கண்டு அஞ்சிய அரசன் அவனைக் கொன்றான். சிறுவனின் இரத்தம் படிந்து குன்று சிவந்தது என்கிறது மக்கள் கதை. மண்ணைச் சிவக்கச் செய்வது இரும்பு ஆக்சைடு என்கிறது வேதியியல்.

இட்டியேயின் தகடு ஒன்றில் இந்தச் செம்மண் குன்றைப் படம் எடுத்தால் எப்படி இருக்கும்? ஏறக்குறைய கறுப்பாக இருக்கும்!

காரணம் ஒளியின் ஆற்றலில் இருக்கிறது. ஒளி ஃபோட்டான் என்னும் சிறு பொட்டலங்களாக வருகிறது. அலைநீளம் குறையக் குறைய ஒரு ஃபோட்டானின் ஆற்றல் கூடும். 400 நானோமீட்டர் ஊதா ஒளியின் ஒரு ஃபோட்டானில் சுமார் 3.1 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் உண்டு. 650 நானோமீட்டர் சிவப்பு ஒளியில் அது சுமார் 1.9 மட்டுமே. வெள்ளி அயோடைடிலும் வெள்ளி புரோமைடிலும் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க இந்த 1.9 போதாது.

ஃபோட்டான்கள் ஆற்றலைச் சேர்த்து வைத்துக் கொடுப்பதில்லை. 1 வெள்ளி நாணயத்தை மட்டுமே ஏற்கும் இயந்திரத்தில் எத்தனை 10 காசு நாணயங்களைப் போட்டாலும் பயன் இல்லை அல்லவா? அதுபோலத்தான் இதுவும். சிவப்பு ஒளி எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் தகடு அதைக் கண்டுகொள்ளாது. நீல வானமோ வெளுத்துத் தெரியும்.

ஆகவே பழைய படங்களைப் பார்த்து நிறத்தை ஊகிக்கும்போது எச்சரிக்கை வேண்டும். படத்தில் கறுப்பாகத் தெரியும் கூரை உண்மையில் செவ்வோட்டுக் கூரையாக இருந்திருக்கலாம். படம் பொய் சொல்வதில்லை. ஆனால் அதைப் பிடித்த பொருளால் எதைக் காண முடிந்ததோ அதை மட்டுமே சொல்லும்.

1873ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோகல் இதற்கு வழி கண்டார். சில சாயங்களைச் சேர்த்தால் வெள்ளி உப்பு மற்ற நிறங்களையும் உணரும் என்று அவர் கண்டறிந்தார். சாயம் அந்த ஒளியை உறிஞ்சி, எலக்ட்ரானை வெள்ளி உப்புக்குத் தருகிறது. சிவப்பையும் உணரும் தகடுகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தன. இன்றைய கறுப்பு வெள்ளைப் படச்சுருள்களில் பெரும்பாலானவை இந்த வகையே.

படச்சுருளோடு பயணம்

இன்றைய படச்சுருளிலும் அடிப்படை வெள்ளிதான். ஜெலட்டினுக்குள் வெள்ளி உப்பின் நுண்படிகங்கள் பரவியிருக்கும். ஒரு படிகத்தில் நான்கைந்து வெள்ளி அணுக்கள் ஒன்றுசேர்ந்தாலே போதும். உருத்துலக்கும் கரைசல் அந்தப் படிகம் முழுவதையும் வெள்ளியாக மாற்றிவிடும். இந்தப் பெருக்கம் இருப்பதால்தான் வெயிலில் 1/500 நொடியில் படம் எடுக்க முடிகிறது. இட்டியே இதைக் கேட்டால் மலைத்துப் போவார்.

பயணம் செய்பவர்கள் மூன்றைக் கவனிக்க வேண்டும். முதலாவது, எக்ஸ் கதிர். அதன் ஃபோட்டானுக்கு ஆற்றல் மிக அதிகம் என்பதால் படச்சுருளில் மங்கல் உண்டாகும். விமான நிலையங்களில் சரக்குப் பெட்டிகளைச் சோதிக்கும் கருவிகளும், புதிய சிடி வகைக் கருவிகளும் கூடுதல் பாதிப்பைத் தரும். அதனால் சுருளைக் கைப்பையில் வைத்து, கையால் சோதிக்கும்படி அதிகாரிகளிடம் கேட்பது நல்லது. இரண்டாவது, வெப்பம். அது படச்சுருளின் வேதிப்பொருள்களை மெல்லக் கெடுக்கும். வெயிலில் நிற்கும் காருக்குள் சுருளை விட்டு வைக்கக்கூடாது. மூன்றாவது, ஈரம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் வில்லையில் நீர்த்துளிகள் படியும். ஈரம் தொடர்ந்தால் பூஞ்சை வளரும். சிங்கப்பூரில் கேமரா வைத்திருப்பவர்கள் உலர்பெட்டி வாங்குவது இதனால்தான்.

செய்து பாருங்கள்

இட்டியேயின் தகடு கண்ட உலகை நீங்களும் ஓரளவு காணலாம். அதற்குப் பாதரசம் தேவையில்லை. ஒரு சிவப்புத் துணி, ஒரு பச்சை இலை, ஒரு நீலப் புத்தக உறை, ஒரு மஞ்சள் வாழைப்பழம் ஆகியவற்றை வெயிலில் வரிசையாக வையுங்கள். கைப்பேசிக் கேமராவின் முன் அடர்நீலக் கண்ணாடித்தாளை இரண்டு மடிப்பாகப் பிடித்து, கறுப்பு வெள்ளை முறையில் படம் எடுங்கள். பின்னர் தாளில்லாமல் ஒரு படம் எடுங்கள். இரண்டையும் ஒப்பிட்டு, எந்தப் பொருள் அதிகமாகக் கறுத்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசியின் உணரி சிலிக்கானால் ஆனது. அதில் ஓர் எலக்ட்ரானை விடுவிக்க சுமார் 1.1 எலக்ட்ரான் வோல்ட் போதும். அப்படியானால் சிவப்பு ஒளியை மட்டுமல்ல, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் அது உணர வேண்டும் அல்லவா? தொலைக்காட்சியின் ரிமோட்டைக் கைப்பேசிக் கேமராவை நோக்கிப் பிடித்து, பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதன் முனையில் மங்கலான ஒளி தெரியலாம். சில கைப்பேசிகளில் தெரியாது. அவற்றில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும். அப்போது முன்பக்கக் கேமராவில் முயன்று பாருங்கள்.