கடல் உள்வாங்கிய நாள்

தொண்டை நாட்டுக் கடற்கரையில் அமைந்த பழம்பதிகளுள் மாமல்லபுரம் தலைசிறந்ததாகும். இந்நாளில் செங்கற்பட்டு மாவட்டத்தில் அடங்கிய அவ்வூர், பல்லவர் காலத்தில் துறைமுகப் பட்டினமாக விளங்கிற்று. பாறையைக் குடைந்து மண்டபங்களையும், குன்றைச் செதுக்கித் தேர்களையும் அங்கு அமைத்தனர் பல்லவ வேந்தர். ஏறத்தாழ 1,300 ஆண்டுகளுக்கு முன் இராசசிம்ம பல்லவன் எடுத்த கடற்கரைக் கோயில் இன்றும் அலையோசை கேட்டு நிற்கின்றது. அவ்வூரின் வரலாற்றில் நினைவு கூரத்தக்க நாள்கள் பல. அவற்றுள் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், துயரமும் வியப்பும் ஒருங்கே நிறைந்ததாகும்.

அன்று ஞாயிற்றுக்கிழமை, மார்கழித் திங்களின் நிறைமதி நாள். காலை ஏறத்தாழ ஆறரை மணிக்குச் சுமத்திராத் தீவின் அருகே கடலடித் தரை பெரிதும் அதிர்ந்தது. 1,200 கிலோமீட்டர் நீளத்திற்கும் மேலாக நிலம் பிளந்து பெயர்ந்தது. தரை உயரவே, அதன்மேல் நின்ற நீரும் உயர்ந்து பேரலையாய்ப் பரந்தது. இத்தகைய அலை ஆழ்கடலில் மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேற்பட்ட விரைவில் செல்லும். ஆயினும் அங்கு அதன் உயரம் மிகச் சிறிது. கப்பலில் இருப்போர் அதனை உணரார். கரையை நெருங்க நெருங்க ஆழம் குறையும், விரைவும் குறையும். பின்வரும் நீர் முன்சென்ற நீரை நெருக்க, அலை ஓங்கி எழும். இதனை ஜப்பானியர் 'சுனாமி' என்பர். துறைமுக அலை என்பது அச்சொல்லின் பொருள்.

ஒன்பது மணி அளவில் அப்பேரலைகள் தமிழகக் கரையை அடைந்தன. மாமல்லபுரத்தில் கடல் சுமார் 500 மீட்டர் தொலைவு உள்வாங்கிற்று என்று கண்டோர் கூறினர். நீர் வடிந்த தரையில் பெரும்பாறைகள் வரிசையாகத் தோன்றின. கண்டோர் வியந்து நின்றனர். ஆனால், அவ்வியப்புக் காட்சி உண்மையில் ஓர் எச்சரிக்கையன்றோ! பேரலைக்கு முகடும் உண்டு, பள்ளமும் உண்டு. பள்ளம் கரையைச் சேரும்போது கடல் உள்வாங்கும். அதன்பின் முகடு வந்து மோதும். இடையே கிடைப்பன சில நிமிடங்களே.

அந்நிமிடங்கள் கழிந்ததும் கடல் பொங்கி எழுந்தது. மீனவர் குப்பங்களில் வீடுகள் வீழ்ந்தன. படகும் வலையும் சிதறின. தெற்கே கல்பாக்கத்தில், அணுமின் நிலையத்தின் நீர் இறைக்கும் கூடத்தில் கடல்நீர் புகுந்தது. இயங்கிக்கொண்டிருந்த அணுவுலை உடனே பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஆயினும் ஊழியர் குடியிருப்பில் உயிர்கள் பல மாண்டன. தமிழ்நாட்டில் இறந்தோர் ஏறத்தாழ 8,000 பேர். அவருள் பெரும்பாலோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். பல நாடுகளிலும் சேர்த்து இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர்.

கடற்கரைக் கோயில் நிலைகுலையாது நின்றது. அதனைக் காக்க முன்னரே கடலோரத்தில் இட்டிருந்த பாறைகள் அரணாய் உதவின. அலைகள் மணலை அரித்துச் சென்றமையால், மறைந்து கிடந்த சிற்பப் பாறைகள் சில வெளிப்பட்டன. வடக்கே சாளுவன்குப்பத்தில், கல்வெட்டுப் பொறித்த பாறை ஒன்று தோன்றிற்று. திருவிழிச்சில் என்னும் ஊரில் முருகன் கோயில் இருந்த செய்தியை அக்கல்வெட்டு உணர்த்தியது. இந்தியத் தொல்லியல் துறையினர் 2005ஆம் ஆண்டு அவ்விடத்தை அகழ்ந்தனர். பல்லவர் காலக் கோயிலின் அடிப்பகுதியும், அதன்கீழ் அதனினும் பழைய செங்கற் கோயிலும், கல்லால் ஆன வேலும் வெளிப்பட்டன. அப்பழைய கோயிலைப் பண்டொரு காலத்தில் கடற்பெருக்கே அழித்திருக்க வேண்டும் என்று ஆய்ந்தோர் கருதினர். ஒரு கடல்கோள் புதைத்ததை மற்றொரு கடல்கோள் காட்டிற்று போலும்!

கடல்கோள் என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. பாண்டி நாட்டின் ஒரு பகுதியைக் கடல் கொண்ட செய்தியைச் சிலப்பதிகாரம் கூறும். காவிரிப்பூம்பட்டினம் கடல்வாய்ப்பட்ட செய்தியை மணிமேகலை கூறும். எனினும், கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்னும் அறிவு நம் கரையில் பரவியிருக்கவில்லை. சொல் நிலைத்தது, அதன் பாடம் மறைந்தது.

அப்பாடத்தை மறவாதோர் பிழைத்தனர். சுமத்திராவை அடுத்த சிமலூத் தீவில் 1907ஆம் ஆண்டு பேரலை ஒன்று பலரை மாய்த்தது. அச்செய்தியை அத்தீவினர் கதையாகவும் பாட்டாகவும் தம் மக்களுக்குச் சொல்லி வந்தனர். 2004இல் நிலம் அதிர்ந்து கடல் உள்வாங்கியதும் அவர்கள் குன்றுகளின்மேல் ஏறினர். 70,000 பேருக்கு மேல் வாழ்ந்த அத்தீவில் மாண்டோர் 7 பேரே என்பர். தாய்லாந்துக் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி, இரு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கற்றதை நினைந்து, கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டு பெற்றோரை எச்சரித்தாள். அக்கரையில் இருந்தோர் உயிர் தப்பினர். பள்ளியில் கற்ற பாடம் ஒன்று பலரைக் காத்தது!

சுமத்திராவில் எழுந்த அலை நம் கரை சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. ஆயினும் அந்நாளில் இந்தியப் பெருங்கடலுக்கு எச்சரிக்கை அமைப்பு இல்லை. பின்னர், 2007ஆம் ஆண்டு ஐதராபாத்தில் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. கருவிகள் அறிவிப்பினும், கரையில் வாழ்வோரும் சிலவற்றை அறிந்திருத்தல் வேண்டும். கடற்கரையில் நிலம் நெடுநேரம் அதிர்ந்தாலும், கடல் திடீரென உள்வாங்கினாலும், பேரோசை கேட்டாலும் உடனே மேட்டுநிலம் சேர்தல் வேண்டும். கடல் உள்வாங்காமலே அலை எழுதலும் உண்டு. முதல் அலையே பெரிதென்று எண்ணிக் கரைக்குத் திரும்புதல் தவறு. பின்வரும் அலை அதனினும் பெரிதாகலாம்.

மாமல்லபுரத்துச் சிற்பிகள் தம் காலத்தைக் கல்லில் எழுதினர். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் கற்பித்த பாடத்தை நாம் நெஞ்சில் எழுதிக்கொள்வோமாக. அந்நாளை நினைத்தல் மாண்டோருக்குச் செய்யும் மரியாதை. வாழ்வோருக்குத் தேடும் காப்பு.