நெகட்டிவ் இல்லாத படம்

எங்கள் தாத்தா சிரித்தபடி இருக்கும் படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதுவும் இப்போது எந்த வீட்டில், எந்தப் பெட்டிக்கு அடியில் கிடக்கிறது என்று எங்கள் குடும்பத்தில் எவருக்கும் தெரியவில்லை. அந்தப் படம் எப்படி எடுக்கப்பட்டது, அதற்கு ஏன் மறுபிரதி கிடையாது என்பதைத்தான் வாசக அன்பர்களுக்குச் சொல்ல வந்தேன்.

1987ஆம் ஆண்டு. எனக்கு எட்டு வயது. ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருந்தோம். சிங்கப்பூரில் வேலை செய்த எங்கள் சித்தப்பா, தீபாவளிக்குத் துணி எடுக்கத் தாத்தாவையும் என்னையும் அங்கே அழைத்துப் போனார். கடைத்தொகுதி ஒன்றின் படிக்கட்டு ஓரத்தில், நம் லயத்துக் குளியலறை அளவுகூட இல்லாத ஒரு பெட்டி நின்றுகொண்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு திரைச் சீலை. உள்ளே சுற்றிச் சுற்றி உயர்த்தக்கூடிய முக்காலி. வெளியே கண்ணாடிக்குள் யார் யாருடைய முகங்களோ ஒட்டப்பட்டிருந்தன.

"உள்ள உக்காருங்கப்பா, படம் எடுக்கலாம்" என்றார் சித்தப்பா.

"படக்காரன் எங்கடா?"

"படக்காரன் கிடையாது. பெட்டியே எடுக்கும்."

தாத்தா பால்வெட்டுக்காரர். அதுவரை அவர் தனியாகப் படம் எடுத்துக்கொண்டது இரண்டே முறை. அடையாளக் கார்டுக்கு ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு ஒன்று. 1948இல் அவசரகாலத்தின்போதுதான் மலாயாவில் அடையாளக் கார்டு வந்தது. தாத்தாவைப் போன்றவர்களுக்குப் படம் என்றால் அரசாங்கக் காரியம். விறைத்து நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுப்பது. சிரித்தால் குற்றம்!

சித்தப்பா காசு போட்டார். பளீரென்று ஒளி வெட்டியது. தாத்தா திடுக்கிட்டார். ஒளி எங்கிருந்து வந்தது என்று குனிந்து பார்த்தார், இரண்டாவது வெட்டு. திரையை விலக்கி எட்டிப் பார்த்த நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என்னைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார், மூன்றாவது. முடிந்தது என்று எண்ணி எழுந்தார், நான்காவது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஏதோ தண்ணீர் அலம்பும் ஓசை, இயந்திரம் முனகும் ஓசை. சில நிமிடங்கள் கழித்து, பக்கத்துத் துவாரத்தில் ஈரம் காயாத ஒரு நீளத் தாள் வந்து விழுந்தது. மருந்து நெடி. மேலிருந்து கீழாக நான்கு தாத்தாக்கள், கறுப்பு வெள்ளையில்.

ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒளியைப் பற்றிப் பாடம் நடத்தும்போது இந்தக் கதையைச் சொன்னேன். "உள்ள ஆள் ஒளிஞ்சிருந்தானா சார்?" என்று கேட்டாள் ஒரு மாணவி. கைப்பேசிக் காலத்துப் பிள்ளை. அவளுக்குப் படம் என்பது விரல் பட்டால் வருவது. பதில் சொல்லத் தடுமாறினேன். அதன் பிறகுதான் தேடிப் படித்தேன்.

இந்தப் பெட்டியை உலகம் பயன்படுத்தும்படி செய்தவர் அனட்டோல் ஜோசெஃபோ. 1894இல் ரஷ்யாவின் சைபீரியப் பகுதியில், ஓம்ஸ்க் நகரில் பிறந்தவர். சிறு வயதிலேயே ஊரை விட்டுக் கிளம்பி, பெர்லினில் படத்தொழில் கற்று, சீனாவின் ஷாங்காயில் ஸ்டூடியோ நடத்தி, பின்னர் அமெரிக்கா போனார். கடன் வாங்கி இயந்திரம் செய்தார். 1925 செப்டம்பரில் நியூயார்க்கின் பிராட்வே வீதியில் போட்டோமேட்டன் என்ற பெயரில் கடை திறந்தார். 25 அமெரிக்கக் காசுக்கு எட்டுப் படங்கள். காத்திருக்க வேண்டியது சுமார் எட்டு நிமிடம். முதல் ஆறு மாதத்தில் 280,000 பேர் வந்தார்களாம்! வெள்ளைக் கையுறை போட்ட ஊழியர் ஒருவர் வெளியே நின்று, இப்படிப் பாருங்கள், அப்படிப் பாருங்கள் என்று சொல்லிக்கொடுப்பாராம். 1927இல் அமெரிக்க உரிமையை ஜோசெஃபோ பத்து லட்சம் டாலருக்கு விற்றார். ஊர் ஊராய் அலைந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் பத்து லட்சம்!

மக்கள் ஏன் இப்படி முட்டி மோதினார்கள்? விலை மலிவு என்பது ஒரு காரணந்தான். படக்காரர் இல்லை என்பதே பெரிய காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. தலையைத் தூக்கு, தோளை இறக்கு, வாயை மூடு என்று அதட்ட ஆள் இல்லை. திரையை இழுத்துவிட்டால் உள்ளே நீங்களும் ஒரு கண்ணாடியும் மட்டுமே. காதலர்கள் இரண்டு பேராக நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பாரிஸில் ஒரு கலைஞர் கூட்டம் ஆளுக்கொரு படம் எடுத்து, 1929இல் தங்கள் பத்திரிகையில் பதினாறு முகங்களை வரிசையாகப் போட்டது. பதினாறு பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். நம் ஊர் ஸ்டூடியோவாக இருந்தால், கண் மூடிய படத்துக்குக் காசு தரமாட்டோம் என்று சண்டையே வந்திருக்கும்.

சரி, உள்ளே ஆள் இல்லாமல் படம் எப்படிக் கழுவப்பட்டது? இதுதான் ரசமான இடம்.

படத்தாளின் மேல் ஜெலட்டின் பூச்சு இருக்கும். அதற்குள் வெள்ளி புரோமைடு என்னும் உப்பு, கண்ணுக்குத் தெரியாத துகள்களாக விரவியிருக்கும். (இங்கே வெள்ளி என்றால் சம்பள வெள்ளி அல்ல, கொலுசு செய்யும் வெள்ளி.) ஒளி பட்ட துகள்களை முதல் மருந்து கறுப்பாக்கிவிடும். நெற்றியிலும் வெள்ளைச் சட்டையிலும் பட்டுத் திரும்பும் ஒளி அதிகம். ஆகவே அந்த இடங்கள் தாளில் கறுப்பு. தலைமுடியிலிருந்து வரும் ஒளி குறைவு. அந்த இடம் வெளுப்பு. எல்லாம் தலைகீழ். இதைத்தான் நெகட்டிவ் என்கிறோம். ஸ்டூடியோவில் இந்த நெகட்டிவைப் படச்சுருளில் உண்டாக்கி, அதன் வழியாக இன்னொரு தாளில் ஒளி பாய்ச்சி நேரான படம் எடுப்பார்கள். நெகட்டிவ் பத்திரமாக இருக்கும்வரை நூறு படம் போட்டுக்கொள்ளலாம்.

பெட்டிக்கு அவ்வளவு நேரம் ஏது? அது செய்வது வேறொரு தந்திரம். தாளில் உண்டான கறுப்பை, டைகுரோமேட் என்னும் உப்பும் கந்தக அமிலமும் கலந்த மருந்தில் முக்குகிறது. கறுப்பாகிவிட்ட வெள்ளி முழுவதும் அதில் கரைந்து போய்விடும். ஒளி படாத துகள்கள் மட்டும் அப்படியே மிஞ்சும். மருந்தின் மஞ்சள் கறையைப் போக்க இன்னொரு தொட்டி. அதன்பின், மிஞ்சிய துகள்களைக் கறுப்பாக்கும் தொட்டி. இப்போது பாருங்கள்: தலைமுடி இருந்த இடத்தில் துகள் நிறைய மிஞ்சியிருந்தது, அது கறுப்பாயிற்று. நெற்றி இருந்த இடத்தில் ஏறக்குறைய ஒன்றும் மிஞ்சவில்லை, அது வெள்ளைத் தாளாகவே நின்றது. படம் நேராகிவிட்டது!

அதாவது, நெகட்டிவ் அந்தத் தாளிலேயே பிறந்து அந்தத் தாளிலேயே அழிந்தும் போகிறது. தாத்தாவின் முகத்தில் பட்டுத் திரும்பிய ஒளி எந்தத் தாளில் விழுந்ததோ, அதே தாள்தான் ஈரத்தோடு எங்கள் கைக்கு வந்தது. அதற்கு அண்ணனும் கிடையாது, தம்பியும் கிடையாது.

வேலை நடக்கும் விதம் நம் ரப்பர் ஸ்டோரை ஞாபகப்படுத்தும். பாலை ஊற்றி, அமிலம் கலந்து உறைய வைத்து, உருளையில் கொடுத்து, புகைவீட்டில் தொங்கவிடுகிறோம் அல்லவா? முந்தியும் ஆகாது, பிந்தியும் ஆகாது. பெட்டிக்குள்ளும் அப்படித்தான். பத்துக்கு மேற்பட்ட சிறு தொட்டிகள், சிலவற்றில் மருந்து, சிலவற்றில் தண்ணீர். கத்தி தாளை வெட்டியதும், சிலந்திக் கால்கள் போன்ற இரும்புக் கை ஒன்று அதைப் பிடித்துக்கொள்ளும். பற்சக்கரம் சுழலச் சுழல, முக்கித் தூக்கி அடுத்த தொட்டிக்கு நகர்த்தும். உங்கள் தாள் மூன்றாம் தொட்டியில் இருக்கும்போதே அடுத்தவர் உட்காரலாம். அவருடைய தாள் உங்கள் தாளுக்குப் பின்னால் வரும். லென்ஸ் வழியாக நேரே தாளில் விழும் உருவம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறியிருக்கும். அதைச் சரிசெய்ய ஒரு கண்ணாடிப் பட்டகமும் உண்டு. இத்தனையும் பிற்காலப் பெட்டிகளில் மூன்று, நான்கு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ஆனால் மருந்து நாளாக நாளாக வலுவிழக்கும். குளிர்ந்தால் ஒரு விதம், சுட்டால் ஒரு விதம் வேலை செய்யும். யாராவது அடிக்கடி வந்து தொட்டியைக் கழுவி, மருந்து மாற்றி, தாளைப் போட்டுப் போக வேண்டும். ஆகவே என் மாணவியின் கேள்விக்கு முழுதும் இல்லை என்றும் சொல்ல முடியாது. பெட்டிக்குள் ஆள் இல்லை. பெட்டிக்குப் பின்னால் ஓர் ஆள் இருந்தார்.

அப்படிப்பட்டவர்களில் ஒருவர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் வாழ்ந்த ஆலன் ஆட்லர். 1970களின் தொடக்கத்தில் இந்தத் தொழிலில் இறங்கி, சுமார் ஐம்பது ஆண்டுகள் பெட்டிகளைப் பராமரித்தார். பிளிண்டர்ஸ் தெரு ரயில் நிலையத்தில் அவருடைய பெட்டி ஒன்று இருந்தது. மருந்து மாற்றிய பிறகு, படம் சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டுமே, அதற்குத் தாமே உள்ளே போய் உட்கார்ந்து ஒரு தாள் எடுத்துப் பார்ப்பார். அவருக்கு அது சோதனைத் தாள், அவ்வளவுதான். அப்படி ஆயிரக்கணக்கில் சேர்ந்துவிட்டன. நடுவயது முதல் முதுமை வரை ஒரே மனிதனின் முகம்! 2018இல் ரயில் நிலைய வேலைக்காகப் பெட்டியை எடுத்துவிடச் சொன்னபோது, அவர் அதிலேயே ஓர் அறிவிப்பை ஒட்டினார். அதைப் படித்த ஊர் மக்கள் விடவில்லை. பெட்டிக்கு நிலையத்திலேயே வேறோர் இடம் கிடைத்தது. பின்னர் இளைஞர் இருவர் அவரிடம் தொழிலைக் கற்றுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டனர். 2024 டிசம்பரில், 92ஆம் வயதில் அவர் மறைந்தார். மறு ஆண்டு அவருடைய சோதனைத் தாள்களை மெல்பர்னில் கண்காட்சியாகவே வைத்தார்கள்.

1990களில் கணினிப் பெட்டிகள் வந்ததும் மருந்துப் பெட்டிகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. உலகில் இன்னும் சில நகரங்களில், ஆர்வலர்கள் பழையவற்றைப் பழுது பார்த்து ஓட்டுகிறார்கள். தாள் கிடைப்பதே அவர்களுக்குப் பெரும்பாடு.

எங்கள் தாத்தாவின் தாள் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1996இல் அவர் காலமானார். மாலை போட்டு மாட்டப் படம் வேண்டும். சித்தப்பா அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பட்டணத்து ஸ்டூடியோவுக்குப் போனார். மூன்றாவது படத்தைக் காட்டி, "இதைப் பெரிசு பண்ணிக் கொடுங்க" என்றாராம். "நெகட்டிவ் இருக்கா?" என்று கேட்டார்கள். இல்லை. "படத்தையே படம் பிடிச்சா முகம் கலங்கிப் போகும். பாஸ்போர்ட்டுக்கு இங்கதானே எடுத்தாரு? அந்த நெகட்டிவ் இருக்கு" என்றார்கள். ஆகவே எங்கள் வீட்டுச் சுவரில் இன்றுவரை தொங்குவது, மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் தாத்தா.

கருமாதி முடிந்ததும் பாட்டி கத்தரிக்கோலை எடுத்துத் தாளை நான்காக வெட்டினார். திடுக்கிட்ட தாத்தா மூத்த பிள்ளையான அப்பாவுக்கு. குனிந்து பார்க்கும் தாத்தா அத்தைக்கு. சிரிக்கும் தாத்தா சித்தப்பாவுக்கு. சில ஆண்டுகளில் தோட்டத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டார்கள். லயம் காலியாயிற்று, ஆளுக்கொரு தாமானுக்குப் போனோம். சித்தப்பாவும் இப்போது இல்லை. படத்தை அத்தையிடம் மாற்றிக்கொண்டதாகச் சித்தி சொல்கிறார். இல்லை, பாட்டியிடமே திருப்பிக் கொடுத்தான் என்கிறார் அத்தை. பாட்டியின் தகரப் பெட்டியை மூன்று முறை கொட்டிப் பார்த்துவிட்டோம்.

உங்கள் வீட்டில் இப்படிப்பட்ட நீளத்தாள் ஏதாவது இருந்தால், முதலில் கைப்பேசியில் ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பசை போட்டு ஒட்டாதீர்கள். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டினாற்போலவும் வைக்காதீர்கள்; நம் ஊர் ஈரத்துக்கு ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும், பிறகு பிரித்தால் முகம் உரிந்து வரும். தாள் உறையில் போட்டுக் காய்ந்த இடத்தில் வைத்தால் போதும்.

நான்காவது படத்தை யாரும் கேட்கவில்லை. எழுந்துவிட்ட தாத்தாவின் தோளும், சட்டைப்பையில் வெற்றிலைப் பொட்டலமும்தான் அதில் தெரிகின்றன. பாட்டி அதை என்னிடம் கொடுத்தார். ஓரத்தில், திரைச் சீலையைப் பிடித்தபடி நான்கு சிறு விரல்கள் இருக்கின்றன. அவை என்னுடையவை.