கண்காணாத முதலாளி, கைக்கெட்டாத உதவியாளர்

சுரங்கம் மூடிய ஊருக்கு, ரயில் ஏறாமல் செய்யும் வேலை ஒரு வரம்தான். ஆனால் கடல் கடந்து இருப்பவரோடு ஏற்படும் பணி உறவு நிலைக்க வேண்டுமே!

பொழுது விடியும் முன்பே மாரிக்குப்பம் ரயில் நிலையம் விழித்துக்கொள்கிறது. கையில் டிபன் பாக்ஸ், தோளில் பை, கண்ணில் மிச்சத் தூக்கம். சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் ஏற, பங்காருபேட்டையைத் தாண்டும்போது பெட்டிக்குள் கால் வைக்க இடமிருக்காது. கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெங்களூரில் வேலை. இரவில் மறுபடியும் இதே ரயில். தினமும் நான்கு மணி நேரத்துக்கு மேல் தண்டவாளத்தில் கரைகிறது.

இந்த ஓட்டத்துக்குக் காரணமான தேதி ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம்: 2001 பிப்ரவரி 28. அன்றுதான் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் சுரங்கங்களை மூடியது. 1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் நிறுவனம் வந்து இறங்கியதிலிருந்து, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய குழிகள் அவை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். இன்று மிச்சமிருப்பது லைன் வீடுகளும் சயனைடு மண்மேடுகளும்தான்.

இந்த ஊர்ப் பட்டதாரிக்கு, வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டவருக்குக் காரியதரிசியாக இருக்கும் ‘வர்ச்சுவல் அசிஸ்டென்ட்’ வேலை கவர்ச்சியாகத் தெரிவதில் வியப்பில்லை. மின்னஞ்சல்களைப் பிரித்து வைப்பது, சந்திப்புகளுக்கு நேரம் குறிப்பது, விமான டிக்கெட் பதிவு செய்வது, தகவல் தேடித் தொகுப்பது என்று எதுவும் இதில் அடங்கும். தேவை ஒரு லேப்டாப், தடங்கலில்லாத இணையம், தெளிவான ஆங்கிலம்.

இந்தத் தொழில் உலகின் கவனத்துக்கு வந்ததில் பெங்களூருக்கும் பங்குண்டு. கர்நாடக அரசின் முன்னாள் தகவல் தொழில்நுட்பச் செயலாளர் விவேக் குல்கர்னி தொடங்கிய பிரிக்வொர்க் நிறுவனம், மேலைநாட்டவருக்குத் தொலைதூர உதவியாளர்களைத் தந்தது. 2005இல் அமெரிக்க எழுத்தாளர் ஏ.ஜே. ஜேக்கப்ஸ், தன் அலுவலக வேலைகளையும் சொந்த வேலைகளையும் இந்திய உதவியாளர்களிடம் ஒப்படைத்துப் பார்த்து ‘எஸ்கொயர்’ இதழில் வேடிக்கையாக எழுதினார். 2007இல் வெளியான டிமோதி ஃபெர்ரிஸின் ‘தி 4-ஹவர் வொர்க்வீக்’ நூல் அந்த ஆசையைப் பல நாடுகளுக்குப் பரப்பியது.

ஆசை வேறு, அனுபவம் வேறு. இந்த உறவுகள் முறிவதற்குத் திறமைக் குறைவு மட்டும் காரணமல்ல, பேச்சுக் குறைவும்தான். நம்மவர்கள் சொல்லும் ‘சரி சார்’ என்ற இரண்டு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘புரிந்தது’ என்பதற்கும் ‘சரி சார்’. ‘புரியவில்லை, கேட்கக் கூச்சமாக இருக்கிறது’ என்பதற்கும் ‘சரி சார்’. ‘நாளைக்குள் முடியாது, ஆனால் முகத்துக்கு நேரே எப்படிச் சொல்வது’ என்பதற்கும் அதேதான். எதிரே உட்கார்ந்திருந்தால் குரலின் தயக்கமே காட்டிக்கொடுத்துவிடும். மின்னஞ்சலில் வரும் ‘யெஸ் சாரை’ அமெரிக்க முதலாளி அப்படியே நம்பிவிடுகிறார். மூன்று நாள் கழித்து அரைகுறையாக வேலை வந்து சேரும்போது அவர் கண்ணுக்குத் தெரிவது கூச்சம் அல்ல, பொய்.

மருந்து எளியது. கொடுத்த வேலையைத் தான் புரிந்துகொண்ட விதத்தில் இரண்டு வரியில் திருப்பி எழுதி, ஐயம் இருந்தால் அப்போதே கேட்டுவிடுவது. முதல் மாதத்தில் கேட்கும் கேள்வி கௌரவக் குறைச்சல் அல்ல. ஆறாவது மாதத்தில் கேட்டால்தான் சிரமம்.

முதலாளிக்கும் பாடம் உண்டு. ‘ஒரு நல்ல ஹோட்டல் பார்’ என்று எழுதினால் எது நல்லது? விலை குறைந்ததா, விமான நிலையத்துக்குப் பக்கத்திலா, காலை எட்டு மணிக் கூட்டத்துக்கு நடந்தே போகும் தூரத்திலா? என்ன வேண்டும், எதற்காக வேண்டும், எப்போதைக்குள், எவ்வளவு செலவில் என்ற நான்கையும் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அதிலும் ‘எதற்காக’ என்பது முக்கியம். நோக்கம் தெரிந்தவர், கேட்ட ஹோட்டல் நிரம்பிவிட்டால் பொருத்தமான வேறொன்றைத் தேடுவார். தெரியாதவர், இடமில்லை என்று எழுதிவிட்டுக் காத்திருப்பார்.

அற்பமாகத் தோன்றும் விஷயங்களும் கவிழ்த்துவிடும். 03/04 என்றால் நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்கருக்கு மார்ச் 4. மாதத்தை எழுத்தால் எழுதினால் இந்த வம்பு இல்லை. இங்கே லட்சம், கோடி; அங்கே மில்லியன். நியூயார்க்குக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணி நேர இடைவெளி, குளிர்காலத்தில் பத்தரை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கிறார்கள்; பிரிட்டனில் அந்த மாதத்தின் கடைசி ஞாயிறன்று. இந்தியாவில் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. இரண்டு நாட்டிலும் வாடிக்கையாளர் உள்ள உதவியாளர், இடைப்பட்ட வாரங்களில் ஏமாந்தால் ஒரு சந்திப்பு போயிற்று.

அடுத்தது அதிகாரம். ஒவ்வொரு சின்ன முடிவுக்கும் அனுமதி கேட்டால், இங்கே பகலில் அனுப்பும் கேள்விக்கு அவர் விழித்தெழுந்த பிறகுதான் பதில். ஃபெர்ரிஸ் தன் நூலில் ஒரு வழி சொல்கிறார். தன் வியாபாரத்தில் வாடிக்கையாளர் குறைகளைக் கவனித்த வெளி நிறுவன ஊழியர்களுக்கு, 100 டாலருக்குள் தீரும் பிரச்சினை என்றால் கேட்காமலே தீர்க்க அனுமதித்தார். அவருக்கு வந்து குவிந்த கேள்விகள் சரசரவென்று குறைந்தன. தொகை எதுவாகவும் இருக்கலாம். இதுவரை உன் முடிவு, இதற்கு மேல் என் முடிவு என்ற கோடு தெளிவாக இருந்தால் போதும்.

சாவி கொடுக்கும் விஷயத்திலும் இதே நிதானம் தேவை. முதல் நாளே வங்கிக் கடவுச்சொல்லைக் கொடுப்பது அசட்டுத்தனம். ஒரு வருடம் கழித்தும் நாட்காட்டியைத் திறக்க விடாமலிருப்பது அவநம்பிக்கை. சின்ன வேலையில் தொடங்கிப் படிப்படியாகப் பொறுப்பைக் கூட்டுவதும், கடவுச்சொல்லை மின்னஞ்சலில் எழுதாமல் அதற்கென உள்ள மென்பொருள் வழியாகப் பகிர்வதும் இரு தரப்புக்கும் பாதுகாப்பு. நாளை ஏதாவது தவறு நடந்தால் பழி தன் மேல் விழாது என்ற நிம்மதி உதவியாளருக்கும் வேண்டும்.

உறவு அதிகம் புண்படுவது கண்காணிப்பில்தான். ‘அப்வொர்க்’ போன்ற தளங்களில் மணிக்கணக்குச் சம்பள வேலைக்கு ‘வொர்க் டைரி’ என்ற ஏற்பாடு இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, எந்த நொடி என்று தெரியாதபடி, வேலை செய்பவரின் கணினித் திரை படமெடுக்கப்படுகிறது. பிடிக்காத படத்தை அழிக்கலாம். அந்தப் பத்து நிமிடக் கூலியும் சேர்ந்து அழியும். செய்த வேலைக்குப் பணம் தரமாட்டேன் என்று யாரும் ஏமாற்ற முடியாது என்பது இதன் லாபம். ஒவ்வொரு நிமிடமும் சந்தேகத்தின் கீழ் உட்கார்ந்திருப்பது இதன் விலை.

தங்கவயலுக்கு இந்த விலை புதிதல்ல. 1930இல், தொழிலாளர்கள் கைரேகை பதிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டை எதிர்த்து இங்கே பெரும் வேலைநிறுத்தம் நடந்தது. போலீஸ் பதிவேட்டில் குற்றவாளிகளுக்கு எடுப்பது கைரேகை என்றிருந்த காலம் அது. பாறை வெடிப்புக்கு அஞ்சாமல் பாதாளத்தில் இறங்கியவர்கள், தங்களை நம்பவில்லை என்பதைப் பொறுக்கவில்லை. அவர்களுடைய கொள்ளுப் பேரனோ பேத்தியோ இன்று திரைப்படம் பிடிக்கும் மென்பொருளுக்குச் சம்மதம் கொடுத்துவிட்டு உட்காரும்போது, கேள்வி அதேதான்: நேரத்தை அளப்பதா, வேலையை அளப்பதா? முடித்த வேலையைப் பார்த்து மதிப்பிடும் முதலாளிக்குத் திரைப்படம் தேவைப்படாது.

இந்த வேலையில் வைப்பு நிதி இல்லை, கிராச்சுவிட்டி இல்லை. தனி ஒப்பந்தக்காரர் என்பதால் ஒரே மின்னஞ்சலில் உறவு முடிந்துவிடலாம். சுரங்கத்தை நம்பி ஒரு ஊரே நின்று போனதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரே வாடிக்கையாளரை நம்பாமலிருப்பது, சம்பளத் தேதியையும் விலகுவதற்கான முன்னறிவிப்பு நாட்களையும் எழுத்தில் வாங்குவது ஆகியவை குறைந்தபட்சக் காப்பு.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்த பிறகு போட்டிக்கு இயந்திரமும் சேர்ந்துவிட்டது. கடிதம் வரைவதையும் கூட்டக் குறிப்பைச் சுருக்குவதையும் அது நொடியில் செய்கிறது. ஆனால் முதலாளியின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்து, அன்றைய கூட்டங்களைத் தானாகவே தள்ளிவைக்கலாமா என்று கேட்கும் மனிதர் வேறு. அந்த இடத்தைச் சம்பாதிக்க மாதங்கள் பிடிக்கும். அதுவே அவருடைய மூலதனம்.

சுரங்கம் ஓடிய நாளில், மேலே வைண்டிங் இன்ஜினை இயக்கியவருக்குக் கீழே கூண்டில் நிற்பவர்கள் தெரியமாட்டார்கள். மணி ஓசைதான் பேச்சு. எத்தனை அடி அடித்தால் ஏற்ற வேண்டும், எத்தனைக்கு இறக்க வேண்டும், எதற்கு நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள். முகம் பார்க்காத அந்த இருவருக்கும் நடுவே இருந்தது ஒரு கம்பி வடமும் அந்த ஒப்பந்தமும் மட்டுமே. அதை நம்பித்தான் தினமும் ஆட்கள் கூண்டில் ஏறினார்கள்.