கோப்பு வந்து சேர்ந்ததா?

வங்கித் தளத்தில் 'ஸ்டேட்மெண்ட்' பொத்தானை அழுத்தினால் பிடிஎஃப் இறங்க வேண்டும். நிரலில் எதை மாற்றினாலும், அது இன்னும் இறங்குகிறதா என்று யாராவது அழுத்திப் பார்த்தாக வேண்டும். இந்த அலுப்பான வேலைக்கென்றே இருக்கும் கருவிகளில் பழையவற்றுள் ஒன்று செலினியம். தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் ஜேசன் ஹக்கின்ஸ் 2004இல் தொடங்கியது. பிரவுசரைத் திறக்கும், தட்டச்சு செய்யும், கிளிக் செய்யும், பக்கத்தில் இருப்பதைப் படிக்கும்.

டவுன்லோட் என்று வந்தால் மட்டும் தடுமாறும். 'எங்கே சேமிக்க?' என்று கேட்கும் பெட்டி வலைப்பக்கத்தின் பகுதியே அல்ல. செலினியத்தின் கண்ணுக்கு அது தெரியாது. அந்தப் பெட்டியில் என்டர் தட்டுவதற்கென்றே ஆட்டோஇட் போன்ற தனி நிரல்களைச் சேர்த்து ஓட்டியவர்கள் உண்டு. வேறொரு ஜன்னல் குறுக்கே வந்தால் அதுவும் போச்சு. பெட்டியே வராமல் செய்வதுதான் சரி. கோப்பு இறங்கவேண்டிய ஃபோல்டர் எது, கேட்காமலே சேமி என்ற இரண்டையும் பிரவுசரைத் தொடங்கும்போதே சொல்லிவிடலாம். பிடிஎஃப் என்றால் உள்ளேயே திறந்து காட்டும் வசதியையும் அணைக்க வேண்டும்.

அடுத்த சிக்கல், கோப்பு முழுதாக இறங்கியதா என்பது. பத்து விநாடி தூங்கச் சொல்லிவிட்டுப் பார்ப்பது சோம்பேறி வழி. நெட் மந்தமான நாளில் சோதனை தோற்கும், மற்ற நாளில் நேரம் வீண். இறங்கிக்கொண்டிருக்கும் கோப்புக்கு குரோம் '.சிஆர்டவுன்லோட்' என்றும், ஃபயர்ஃபாக்ஸ் '.பார்ட்' என்றும் வால் ஒட்டும். அந்த வால் மறையும்வரை ஃபோல்டரை அடிக்கடி எட்டிப் பார்த்தால் போதும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் காலி ஃபோல்டர் வேண்டும். இல்லையென்றால் சோதனை நேற்றைய கோப்பைப் பார்த்துவிட்டு 'பாஸ்' போட்டுவிடும்.

கோப்பு வந்தாலும் நம்பிவிடக் கூடாது. லாகின் காலாவதியாகியிருந்தால், லாகின் பக்கமே பிடிஎஃப் என்ற பெயரில் வந்து உட்கார்ந்திருக்கும். பெயர் சரி, அளவும் பூஜ்யமில்லை. முதல் சில பைட்களைப் படித்தால் குட்டு உடையும்: அசல் பிடிஎஃப், சதவீதக் குறியும் 'பிடிஎஃப்' என்ற எழுத்துகளுமாகத் தொடங்கும்.

பிரவுசர் வழியாக இறக்கிச் சோதிப்பதை செலினியம் ஆவணமே பரிந்துரைப்பதில்லை. இணைப்பின் முகவரியையும் குக்கீகளையும் எடுத்து, ஒரு எச்டிடிபி நூலகத்திடம் கொடுக்கச் சொல்கிறது. நல்ல யோசனைதான், ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்துக்குள்ளேயே கோப்பைத் தயாரித்துக் கொடுத்தால், கேட்டு வாங்க சர்வரில் எதுவும் இருக்காது.

மைக்ரோசாஃப்ட் 2020இல் வெளியிட்ட பிளேரைட் என்ற இதே வகைக் கருவியில் ஃபோல்டரை எட்டிப் பார்க்கும் வேலை இல்லை. டவுன்லோட் தொடங்கியதை அதுவே அறிவிக்கும், முடியும்வரை காத்தும் நிற்கும். காத்திருக்கும் வரியை மட்டும் கிளிக்குக்கு முன்னால் எழுத வேண்டும். கோப்பு வேண்டுமென்றால் பிரவுசரை மூடுவதற்குள் வேறிடத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும், மூடியதும் அழித்துவிடும்.