பஞ்சைத் திணித்தால் அணில் ஆகிவிடுமா?

கிள்ளான் பக்கம் வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரமோ வாழையோ இருந்தால் போதும், அணில் வந்துவிடும். செம்பழுப்பு வயிறு, விலாவில் கறுப்பும் வெளிர்மஞ்சளுமாக இரண்டு கோடுகள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே அணிலைப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் சில வேளைகளில் அடையாளமே தெரியாது. தலையணை போல் உப்பிய உடல், பிதுங்கிய கண்கள், மேசைக்கால் போல விறைத்த கால்கள். ஏன் இப்படி ஆகிறது?

விலங்கின் தோலைப் பதப்படுத்தி உயிருள்ளது போல நிறுத்தும் இக்கலைக்கு 'டாக்ஸிடெர்மி' என்று பெயர். கிரேக்க மொழியில் டாக்ஸிஸ் என்றால் ஒழுங்கமைப்பு, டெர்மா என்றால் தோல். திணிப்பது என்ற பொருள் அந்தப் பெயரில் எங்குமே இல்லை!

ஆனால் ஒரு காலத்தில் தோலைத் தைத்து வைக்கோலைத்தான் திணித்தார்கள். அதை மாற்ற முயன்றவர்களில் ஒருவர் நம் ஊர்ப்பக்கம் வந்திருக்கிறார். அவர் அமெரிக்கரான வில்லியம் ஹார்னடே. ஆனைமலைக் காடுகளில் விலங்குகளைச் சேகரித்த பின், 1878-இல் சிலாங்கூருக்கு வந்தார். பத்துமலைக் குகைகளை வெளியுலகுக்குச் சொன்னவர்களில் அவரும் உண்டு. கிள்ளான்தான் அப்போது சிலாங்கூரின் தலைநகர். 1880-இல்தான் அது கோலாலம்பூருக்கு மாறியது. முதலில் உடலின் வடிவத்தைச் செய்து, அதன்மேல் களிமண் பூசித் தசைகளை உருவாக்கி, பிறகே தோலைப் போர்த்த வேண்டும் என்பது ஹார்னடேயின் வழி.

ஈரத்தோல் நெகிழும் தன்மை உடையது. திணிக்கத் திணிக்க விரிந்துகொண்டே போகும். எங்கே நிறுத்துவது என்று அது சொல்லாது. அதனால் தோலை உரிக்கும் முன்பே அளவெடுக்க வேண்டும். மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், கழுத்து, மார்பு, வயிறு ஆகியவற்றின் சுற்றளவு எல்லாம் வேண்டும். விலங்கைத் தாளில் பக்கவாட்டில் கிடத்தி, சுற்றிலும் பென்சிலால் கோடு வரைந்துகொள்வது இன்னும் நல்லது. மரச்சீவலை நூலால் இறுக்கிச் சுற்றி அந்த அளவுக்கே உடலைச் செய்ய வேண்டும். பெரிதாகிவிட்டால் தோல் உலர்ந்து சுருங்கும்போது தையல் பிரியும்.

அடுத்தது கால். உட்கார்ந்திருக்கும் அணிலைக் கவனியுங்கள். முதுகு வளைந்திருக்கும், முழங்கால் உடலோடு ஒட்டி மறைந்திருக்கும், குதிகால் கிளையில் பதியும். உள்ளே வைக்கும் கம்பியையும் அதே இடங்களில்தான் மடக்க வேண்டும்.

முகம்தான் எல்லாவற்றிலும் கடினம். கண் உருண்டையில் பெரும்பகுதி இமைகளுக்குப் பின்னால் இருக்கிறது. அதை மறந்து கண்ணாடிக் கண்ணை வெளியே தள்ளி வைத்தால் அணில் திடுக்கிட்டது போல விழிக்கும். குழியில் களிமண் இட்டு, கண்ணை உள்ளே பதித்து, இமையை ஊசி முனையால் இழுத்துச் சரிசெய்வார்கள். காதுகள் உலரும்போது சுருண்டுவிடும். மெல்லிய அட்டையை வைத்து ஊசி குத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். முழுதும் உலரும் வரை தினமும் பார்த்துத் திருத்துவது அவசியம்.

மூக்கை ஏன் இவ்வளவு கவனிக்க வேண்டும்? நம் காடுகளில் அணிலைப் போலவே இருக்கும் மர மூஞ்சூறு ஒன்று உண்டு. அது அணில் இனமே அல்ல, கொறிவிலங்கும் அல்ல. நீண்டு கூரான மூக்கை வைத்துத்தான் அதை எளிதில் அடையாளம் காண முடியும். அந்த மூக்கைத் திணித்து மொண்ணையாக்கிவிட்டால், பெட்டியின் முன் நிற்கும் மாணவர் பொய்யான விலங்கைப் படித்துவிட்டுப் போவார். பாடம் செய்தது தப்பான பாடமாகிவிடும்!

இதைப் படித்துவிட்டுச் சாலையோரம் இறந்துகிடக்கும் பிராணியைத் தூக்கி வந்துவிடாதீர்கள். எலிக்காய்ச்சல் போன்ற நோய்கள் தொற்றலாம். பாதுகாக்கப்பட்ட வனவிலங்கை வைத்திருக்க 2010-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமம் வேண்டும். அதைக் கவனிப்பது பெர்ஹிலித்தான். பள்ளி அலமாரியில் இருக்கும் பழைய பாடம் செய்த விலங்குகளையும் வெறுங்கையால் தொடாதீர்கள். பூச்சி அரிக்காமலிருக்க அக்காலத்தில் ஆர்செனிக் நஞ்சைத் தடவினார்கள். அது இன்னும் தோலில் இருக்கக்கூடும்.

முதல் முயற்சிக்குத் தோலே தேவையில்லை. கம்பியும் களிமண்ணும் போதும். கொல்லைப்புற அணிலைப் பக்கவாட்டில் நாலைந்து படம் எடுங்கள். கம்பியில் முதுகின் வளைவைக் கொண்டுவந்து, களிமண்ணை அப்பி, படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வயிறுதான் முதலில் பெரிதாகியிருக்கும். அதைச் செதுக்குங்கள்.